மண்ணும் வரியும்

நுழையும்முன்

பட்டா, கிஸ்தி, ஜமாபந்தி, பசலி, புறம்போக்கு ஆகிய சொற்கள் தமிழகத்தின் சிற்றூர்களில் இன்றும் நாள்தோறும் புழங்குகின்றன. இவற்றுள் சில அரபு, பாரசீகம் வழியாக வந்தவை. சில தமிழிலேயே பிறந்தவை. ஆனால் இவை இன்று தாங்கியுள்ள பொருளையும் அதிகாரத்தையும் பெரிதும் வரையறுத்தது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலவரி ஆட்சி. ஒரு நாடு அயலாரின் ஆட்சிக்கு உட்படும்போது மாறுவது அரியணை மட்டுமன்று. உழவர் விதைக்கும் பயிர், விற்கும் விலை, வாங்கும் கடன், ஊர் ஏரியின் கரை ஆகிய அனைத்தும் மாறுகின்றன. சென்னை மாகாணத்தில் நடைமுறைப்படுத்தப்பட்ட இரயத்துவாரி முறையின் வழியே அம்மாற்றத்தை விளக்குகிறது இப்பாடம்.

வாரமும் காணியும்

கம்பெனி ஆட்சிக்கு முன்பு தமிழகத்தின் பெரும்பாலான நஞ்சைப் பகுதிகளில் விளைச்சலே வரியின் அளவுகோலாக இருந்தது. களத்தில் குவிந்த நெல் இரு பங்காகப் பிரிக்கப்பட்டது. அரசுக்குரிய பங்கு மேல்வாரம் எனவும் பயிரிட்டோர்க்குரிய பங்கு குடிவாரம் எனவும் வழங்கப்பட்டன. அப்பங்கீட்டிற்கு முன்னரே ஊர்க் கணக்கர், வெட்டியான், தச்சர், கொல்லர், நீர்பாய்ச்சுவோர் முதலியோர்க்கும் கோயிலுக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் உரிய பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. விளைந்தால் அனைவருக்கும் கூடியது. பொய்த்தால் அனைவருக்கும் குறைந்தது. வானம் பொய்த்த ஆண்டின் இழப்பை அரசும் ஓரளவு சுமந்தது என்பதே இம்முறையின் சிறப்பு.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமாகக் கருதுவது பொருந்தாது. தொண்டை மண்டலத்திலும் காவிரிச் சமவெளியிலும் காணியாட்சி உரிமை பெற்ற மிராசுதாரர்களே ஊரை ஆண்டனர். வயலில் இறங்கி உழைத்த படியாட்களும் பண்ணையாட்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினராகவே இருந்தனர். அவர்களுக்கு நிலவுரிமை இல்லை. பண்ணையை விட்டு நீங்கும் உரிமையும் இல்லை. நிலமற்ற உழைப்பாளர் வகுப்பு ஆங்கிலேயர் வருகைக்கு முன்பே தென்னிந்தியாவில் நிலைபெற்றிருந்தது என்பதைப் பொருளியல் வரலாற்று அறிஞர் தர்மா குமார் தம் ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். எனவே குடியேற்ற ஆட்சி சமத்துவம் நிலவிய ஓர் ஊரைக் குலைத்தது என்று கூறுவதைவிட, ஏற்றத்தாழ்வு மிக்க ஓர் ஊரின்மீது புதிய சுமையொன்றை ஏற்றியது என்று கூறுவதே சரியாகும்.

பாராமகாலில் ஒரு சோதனை

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், சேலம், திண்டுக்கல் ஆகிய பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாராமகாலை நிருவகிக்கும் பொறுப்பு அலெக்சாண்டர் ரீடு என்னும் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாளராகப் பணியாற்றியவர் தாமசு மன்றோ. இவ்விருவரும் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து, மண்ணின் தரம் கண்டு, ஒவ்வோர் உழவரிடமும் நேரடியாக வரி பெறும் முறையை உருவாக்கினர். ‘ரயத்’ என்னும் சொல் குடிமகனை, உழவரைக் குறிக்கும். அதனால் இம்முறை இரயத்துவாரி எனப் பெயர் பெற்றது.

வங்காளத்தில் 1793ஆம் ஆண்டு காரன்வாலிசு பிரபு வேறொரு வழியைத் தேர்ந்திருந்தார். அங்கு ஜமீன்தார்கள் நிலத்தின் உரிமையாளர்களாக ஏற்கப்பட்டு, அவர்கள் செலுத்த வேண்டிய தொகை என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. சென்னை மாகாணத்திலும் 1802ஆம் ஆண்டு அம்முறை புகுத்தப்பட்டது. இராமநாதபுரம், சிவகங்கை முதலிய பாளையங்கள் ஜமீன்களாயின. ஆனால் பிற பகுதிகளில் ஜமீன்தார்களை உருவாக்கும் முயற்சி வெற்றி பெறவில்லை. ஊர் முழுவதையும் குத்தகைக்கு விடும் முறையும் சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்து கைவிடப்பட்டது. மன்றோ 1820ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநரானபின் இரயத்துவாரி முறையே மாகாணத்தின் பொதுமுறையாக நிலைபெற்றது.

இடைத்தரகர் இன்மையே இம்முறையின் வலிமை என மன்றோ கருதினார். உழவருக்கும் அரசுக்கும் இடையில் வேறெவரும் இரார். உழவர் தம் பெயரில் பட்டா பெறுவார். வரி செலுத்தும்வரை நிலத்திலிருந்து வெளியேற்றப்படார். விரும்பினால் நிலத்தை விட்டுவிடவும் செய்யலாம். இந்நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகும் முறை இதுவே என்றும் அவர் வாதிட்டார். எழுத்தில் இது உழவருக்கு உகந்த திட்டமாகவே தோன்றியது.

கணக்கும் களமும்

எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையில் மூன்று இடர்கள் எழுந்தன. முதலாவது, வரியின் அளவு. தொடக்கத்தில் மொத்த விளைச்சலில் பாதியளவு வரை அரசின் பங்காகக் கணக்கிடப்பட்டது. இதைக் குறைக்க வேண்டும் என மன்றோவே பரிந்துரைத்தும் கம்பெனியின் வருவாய்த் தேவை அதற்கு இடந்தரவில்லை. போர்ச் செலவுகளும் நிருவாகச் செலவுகளும் நிலவரியையே பெரிதும் நம்பியிருந்தன.

இரண்டாவது, வரி பணமாகச் செலுத்தப்பட வேண்டியிருந்தது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் உழவர் ஆண்டுதோறும் 10 ரூபாய் வரி செலுத்த வேண்டும் எனக் கொள்வோம். ஒரு கலம் நெல்லின் விலை 1 ரூபாயாக இருக்கும்போது அவர் 10 கலம் நெல்லை விற்றால் போதும். விலை அரை ரூபாயாக வீழ்ந்தால் அதே வரிக்கு 20 கலம் விற்க வேண்டும். வரியின் தொகை மாறவில்லை. ஆனால் அதன் சுமை இருமடங்காகிவிட்டது. 1820களிலிருந்து 1850கள் வரை சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது இதுவே. கைத்தறித் துணி ஏற்றுமதி நலிந்தது. நாட்டிற்குள் வந்த வெள்ளியின் வரத்து குன்றியது. தானிய விலை தொடர்ந்து தாழ்ந்தது. நல்ல விளைச்சல்கூட விலையை வீழ்த்தி உழவரை வாட்டியது.

மூன்றாவது, வரி செலுத்தும் காலம். கிஸ்தி எனப்படும் தவணைகள் அறுவடையை ஒட்டியே அமைந்தன. எல்லா உழவரும் ஒரே காலத்தில் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்ததால் விலை மேலும் இறங்கியது. விலை ஏறும்வரை காத்திருக்க வசதியற்றவர் வட்டிக்குக் கடன் பெற்றுக் கிஸ்தி கட்டினர். அடுத்த விளைச்சல் அக்கடனுக்கு ஈடாயிற்று. அறுவடைக் காலத்தில் மலிவாக விற்ற நெல்லையே சில மாதங்கள் கழித்து உயர்ந்த விலைக்கு வாங்கும் நிலையும் நேர்ந்தது. இடைத்தரகரை நீக்குவதற்காக வந்த முறை, வட்டிக்கடைக்காரர் என்னும் மற்றோர் இடைத்தரகரைக் களத்துமேட்டில் கொண்டுவந்து நிறுத்தியது.

விளைச்சல் பொய்த்த ஆண்டில் வரித் தள்ளுபடி பெற வழியிருந்தது. ஆண்டுதோறும் நிகழும் ஜமாபந்தியில் ஒவ்வொருவரின் கணக்கும் ஆராயப்பட்டது. ஆயினும் எவர் நிலம் காய்ந்தது, எவர் நிலம் விளைந்தது என்பதைச் சொல்லும் அதிகாரம் கணக்குப்பிள்ளை, மணியக்காரர், தாசில்தார் ஆகியோரின் கையில் இருந்தது. வசதி படைத்தோரின் நல்ல நிலம் தாழ்ந்த தரமாகவும், எளியோரின் புஞ்சை உயர்ந்த தரமாகவும் பதிவாவது எளிதாயிற்று.

தெரிந்து தெளிவோம்

பட்டா – நிலத்தின் பரப்பு, தரம், செலுத்த வேண்டிய வரி ஆகியவற்றைக் காட்டும் உரிமை ஆவணம்.
கிஸ்தி – நிலவரித் தவணை.
ஜமாபந்தி – சிற்றூர்களின் நிலவரிக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்கும் நிகழ்வு.
பசலி – வருவாய்த்துறைக் கணக்காண்டு. தமிழ்நாட்டில் ஜூலை முதல் நாள் தொடங்கும்.
புறம்போக்கு – வரிவிதிப்புக்கு உட்படாமல் ஒதுக்கப்பட்ட நிலம். மேய்ச்சல் வெளி, நீர்நிலை, களம், பாதை முதலியன இதனுள் அடங்கும்.

கிட்டியும் ஆணையமும்

வரி வசூலிக்கும் அலுவலரிடமே காவல் அதிகாரமும் இருந்தது. கிஸ்தி தவறியோர் வெயிலில் நிறுத்தப்பட்டனர். குனிந்த நிலையில் கட்டி வைக்கப்பட்டனர். கிட்டி எனப்படும் மரக்கோல்களின் இடையே விரல்கள் நெரிக்கப்பட்டன. இக்கொடுமைகள் குறித்து இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபின் சென்னை மாகாண அரசு விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. 1855ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, வரி வசூலில் சித்திரவதை பரவலாகக் கையாளப்பட்டதை உறுதிசெய்தது. அதன் விளைவாக 1859ஆம் ஆண்டு காவல்துறை, வருவாய்த்துறையிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது.

அக்காலத்திலேயே நிலங்களை மீண்டும் அளக்கும் பணியும் தொடங்கியது. செலவு போக எஞ்சும் நிகர விளைச்சலின் மதிப்பில் பாதியே அரசின் பங்கு என 1864ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அந்த வீதம் 30 ஆண்டுகளுக்கு மாறாதிருக்கும். தானிய விலையும் ஏறத் தொடங்கியதால் நிலம் வைத்திருந்தோரின் சுமை ஓரளவு குறைந்தது. எனினும் அதன் பயன் குத்தகைக்கு உழுதோருக்கும் கூலி உழைப்பாளருக்கும் சென்று சேரவில்லை.

ஏரியும் அணையும்

தமிழகத்தின் வறண்ட பகுதிகளை வாழவைத்தவை ஏரிகளே. கரையை உயர்த்துதல், வண்டல் அள்ளுதல், மதகைச் செப்பனிடுதல் ஆகிய பணிகளை ஊர்மக்கள் கூடிச் செய்யும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட விளைச்சல் பங்குகளும் மானிய நிலங்களும் இருந்தன. வரி ஒவ்வோர் உழவரின் தனிக் கணக்காக மாறியபோது, ஊர் ஒன்றாகக் கூடிச் செய்த பணிகளுக்குரிய வருவாய் சுருங்கியது. பல ஏரிகள் தூர்ந்தன. 1858ஆம் ஆண்டு குடிமராமத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வழக்கமாக நடந்துவந்த ஒன்றைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த நேர்ந்ததே அதன் நலிவுக்குச் சான்றாகும்.

மறுபுறம், பேராறுகளில் அரசு முதலீடு செய்தது. கரிகாலனின் கல்லணையைக் கூர்ந்து ஆராய்ந்த ஆர்தர் காட்டன், 1836ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையையும் அதன் கீழ்ப்பகுதியில் கீழணையையும் எழுப்பினார். பின்னர்க் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார். காவிரி, கோதாவரிச் சமவெளிகள் இதனால் செழித்தன. அரசின் வரி வருவாயும் பெருகியது. விரைந்து வருவாய் தந்த ஆற்றுப்பாசனம் வளர, வருவாய் குறைந்த ஏரிப்பாசனம் புறக்கணிக்கப்பட்டது. சமவெளிக்கும் வறண்ட நிலத்திற்கும் இடையிலான இடைவெளி விரிந்தது.

தொலைதூரச் சந்தை

பணம் தேவைப்பட்ட உழவர் பணம் தரும் பயிரை நாடினர். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்கவில்லை. திருநெல்வேலி, கோயம்புத்தூர்க் கரிசல் நிலங்களின் பருத்திக்கு எதிர்பாராத விலை கிடைத்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. வாங்கிய கடன் மட்டும் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டின் செம்மண் நிலங்களில் நிலக்கடலை பரவியது. அது புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டின் மார்செய் நகர ஆலைகளுக்குச் சென்றது. வறண்ட நில உழவருக்குப் பணம் ஈட்டித் தந்த அப்பயிர், அவர்தம் வாழ்வை அவர் அறியாத தொலைதூரச் சந்தையின் ஏற்றத்தாழ்வோடு பிணைத்தது.

தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டின் பெயரால் தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிற்கும் அப்பெரும்பஞ்சம் 1878 வரை நீடித்தது. மழையின்மை பஞ்சத்தின் தொடக்கமேயன்றி முழுக் காரணமன்று. தானியம் நாட்டில் இருந்தது. அதை வாங்கும் ஆற்றல் மக்களிடம் இல்லை. வேலை இழந்த கூலி உழைப்பாளரும் வாங்குவோரின்றி வாடிய நெசவாளரும் முதலில் வீழ்ந்தனர். தானிய வணிகத்தில் தலையிடுவதில்லை என்பது அரசின் கொள்கையாக இருந்தமையால் ஏற்றுமதி தடைசெய்யப்படவில்லை. பஞ்சம் பரவிக்கொண்டிருந்த 1877 ஜனவரி முதல் நாளில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழா தில்லியில் நடைபெற்றது.

செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியத்திற்குரிய கூலியும் ஓரணாவும் போதும் எனக் குறைத்தார். கடும் உழைப்பில் ஈடுபடுவோரின் உயிரைத் தாங்க இவ்வளவு போதாது என மாகாணத்தின் நலவாழ்வு ஆணையர் மருத்துவர் கார்னிசு வலுவாக எதிர்த்தார். பின்னர் அவ்வளவு திருத்தப்பட்டது. அதற்குள் பலர் மாண்டனர். சென்னையின் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி இப்பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது.

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாகாண மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சம். பத்தாண்டுகளில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய அத்தொகை 1881ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்திருந்தது. இறந்தோரின் பெயர்களை எந்தப் பதிவேடும் முழுமையாகக் கொண்டிருக்கவில்லை. கணக்கில் விழுந்த இப்பள்ளமே அவர்களின் நினைவுக்கல். இப்பஞ்சத்தின் பின்னர் அமைக்கப்பட்ட ஆணையத்தின் பரிந்துரையால் 1880களில் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் உருவாயின.

கடல் கடந்த உழைப்பு

ஊரில் வாழ வழியற்றோர்க்குக் கடல் வழி திறந்தது. 1830கள் முதல் மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கும் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தமிழர் சென்றனர். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், பின்னர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றனர். இலங்கையில் காப்பிப் பயிரை இலைநோய் அழித்தபின் தேயிலை வந்தது. காடாக இருந்த மலைச்சரிவுகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய மலையகத் தமிழரின் முன்னோரைக் கங்காணிகள் முன்பணம் தந்து அழைத்துச் சென்றனர். அம்முன்பணமே அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்த கடனாயிற்று. பண்ணையடிமை முறைக்குரிய சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியிருந்தபோதும், நிலமும் மாற்று வாழ்வும் இல்லாதோர்க்குப் பண்ணையும் தோட்டமுமே எஞ்சிய இடங்கள்.

தரிசு நிலத்தையேனும் பெற்றுப் பயிரிடலாம் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு எளிதில் கைகூடவில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் தரிசு நிலத்திற்கு முன்னுரிமை மிராசுதாரர்க்கே இருந்தது. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை விரிவாக எழுதி 1891ஆம் ஆண்டு அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை 1892ஆம் ஆண்டு பிறந்தது. பஞ்சமி நிலம் என இன்று வழங்கப்படுவது அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலமே.

பிற நாடுகளில்

இந்நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. டச்சுக்காரர் ஆண்ட சாவகத்தீவில் 1830ஆம் ஆண்டு வான் டென் போசு என்னும் ஆளுநர், ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் காப்பி, கரும்பு, அவுரி ஆகியவற்றைப் பயிரிட்டு அரசுக்கு அளிக்குமாறு பணித்தார். நடைமுறையில் பல இடங்களில் அப்பங்கு மிகுந்தது. நெற்பயிருக்குரிய நிலமும் உழைப்பும் நீரும் குறைந்தன. நெல் விளையும் அந்நாட்டின் நடுப்பகுதியில் 1840களின் இறுதியில் பஞ்சம் தலைவிரித்தாடியது. வங்காளத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட உழவர்கள் 1859ஆம் ஆண்டு கிளர்ந்தெழுந்தனர். சென்னையில் பணவரி, சாவகத்தில் பயிர்க்கடமை, வங்காளத்தில் முன்பணக் கடன் என வழிகள் வேறுபட்டன. பயிரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உழவரின் கையிலிருந்து நழுவியது என்பதே மூன்றிலும் பொதுவானது.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்றபின் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. ஒழிக்கப்பட்ட ஜமீன் நிலங்கள் இரயத்துவாரி நிலங்களாகவே மாற்றப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. தஞ்சைப் பண்ணையாட்களின் பாதுகாப்புக்கென 1952ஆம் ஆண்டும், குத்தகைதாரர்களின் பாதுகாப்புக்கென 1955ஆம் ஆண்டும் சட்டங்கள் வந்தன. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பு 1961ஆம் ஆண்டு 30 தர ஏக்கர் எனவும், 1970ஆம் ஆண்டு 15 தர ஏக்கர் எனவும் வரையறுக்கப்பட்டது.

நிலவரி இன்று அரசின் வருவாயில் மிகச் சிறிய பங்கே. ஆனால் அதற்காக உருவான அளவையும் ஏடும் இன்றும் நிலவுரிமையை முடிவுசெய்கின்றன. பட்டாவில் பெயர் உள்ளவர் உரிமையாளர். தலைமுறைகளாக அந்நிலத்தில் உழைத்தும் பெயர் ஏறாதவர் அயலார். வரி தராததால் புறம்போக்கு என்று ஒதுக்கப்பட்ட ஏரிக்கரையும் மேய்ச்சல் வெளியும் ஆக்கிரமிப்புக்கு எளிதில் இலக்காகின்றன. வரி தராத நிலம் பயன் தராத நிலமன்று; நீரையும் கால்நடையையும் ஊரையும் காப்பது அந்நிலமே. வருவாயை மட்டும் அளந்த ஓர் ஆட்சியின் அளவுகோலைக் கொண்டே மண்ணின் பயனையும் அளப்பது தகுமா என்பது வரலாறு இன்றைய தலைமுறையின் முன் வைக்கும் கேள்வியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஏரி, குளம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் பழைய பெயர்களையும் இன்றைய நிலையையும் பெரியோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. நிலம், வேளாண்மை தொடர்பாக உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளுடன் சிறு அகராதி ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா
1. மேல்வாரம், குடிவாரம் – வேறுபடுத்துக.
2. குடிமராமத்து என்பது யாது?

சிறுவினா
1. வரித்தொகை மாறாதபோதும் வரிச்சுமை கூடியது எவ்வாறு? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. மழையின்மை மட்டுமே தாது வருடப் பஞ்சத்திற்குக் காரணமா? சான்றுகளுடன் விடையளிக்க.

நெடுவினா
இரயத்துவாரி முறையின் நோக்கத்தையும், நடைமுறையில் அது உழவர் வாழ்வில் ஏற்படுத்திய விளைவுகளையும் ஒப்பிட்டுக் கட்டுரைக்க.